தெளித்துக் கட்டிய படிகள்

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ரயிலில் கீழ்ப் படுக்கைக்காரர் விட்ட குறட்டையைத் தவிர வழியில் ஒரு குறையும் இல்லை. மகனும் மருமகளும் சுகம். பிரசவத்துக்கு இன்னும் இரண்டு வாரம் என்கிறார்கள். உன் இருமல் எப்படி இருக்கிறது?

புறப்படும்போது நீ வைத்திருந்த முகம் என் கண்ணிலேயே நிற்கிறது. குளத்தை உன்னைக் கட்டச் சொல்லவில்லை அண்ணா. கட்டும்போது பக்கத்தில் நில் என்றுதான் சொன்னேன். நம் வீட்டை ஒட்டிய இயன்முறை மருத்துவ மையத்துக்கு வருகிறவர்கள் தரையில் பத்தடி நடக்க முடியாதவர்கள். தண்ணீருக்குள் உடம்பின் கனம் குறையும், நடப்பார்கள். இந்த ஒரு குளத்துக்காகப் பன்னிரண்டு வருடம் நன்கொடை கேட்டு வாசல் வாசலாக ஏறி இறங்கியிருக்கிறேன். வேலை நடக்கும் நேரம் பார்த்து நான் இங்கே வர வேண்டியதாகிவிட்டது.

நீ கான்கிரீட் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தாறு வருடம் இருந்தவன். ஏதாவது தப்பாகப் பட்டால் வாயைத் திறந்து சொல். எழுதிக் கொடுத்துவிட்டு ஓடாதே. வெயிலில் தொப்பி போட்டுக்கொள்.

உன் தங்கை

•

பிப்ரவரி 12

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கண்டு நிம்மதி. காலையில் மட்டும் இருமுகிறேன். அதை இருமல் என்பதா, தொண்டையைச் செருமுவது என்பதா என்று தீர்மானிக்க முடியவில்லை. மற்றபடி நலம்.

முதலில் ஒரு திருத்தம். நான் கூடத்தில் இருந்தேனே தவிர, கான்கிரீட்டை ஒருநாளும் தொட்டதில்லை. மற்றவர்கள் கட்டிகளை உடைப்பார்கள். எத்தனை பாரத்தில் உடைந்தது என்று நான் பதிவேட்டில் எழுதுவேன். தேறவில்லை என்றாலும் எழுதுவேன். அதைச் சம்பந்தப்பட்டவரிடம் போய்ச் சொல்வது வேறு ஒருவர் வேலை.

பள்ளம் தோண்டி முடித்துவிட்டார்கள். நீளம் நாற்பதடி, அகலம் இருபது. ஆழம் குறைந்த முனையில் மூன்றரை அடி, மறுமுனையில் ஐந்து. மண் சுவரை ஒட்டி ஒரு சாண் இடைவெளியில் கம்பி கட்டியிருக்கிறார்கள். ஒரு சுவரில் எத்தனை கட்டு என்று எண்ணினேன். இருநூறைத் தாண்டும்போது ஒருவர் தேநீர் நீட்டினார், எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

பலகை அடைத்துக் கலவை ஊற்றுவதே நான் அறிந்த முறை. இது அப்படியில்லை. மணலும் பொடி ஜல்லியும் சிமெண்டும் உலர்ந்தபடியே காற்றின் வேகத்தில் குழாய்க்குள் ஓடி வருகின்றன. குழாயின் வாயில், அதாவது நாசிலில்தான் தண்ணீர் சேர்கிறது. சேர்ந்த கணமே சுவரில் போய் அறைகிறது. எவ்வளவு தண்ணீர் என்பதை நாசில் பிடிப்பவர் கண்ணாலேயே முடிவு செய்கிறார். அவரை எல்லோரும் நாசில் மேஸ்திரி என்கிறார்கள். இரண்டு நாள் தயங்கி அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

“ஒட்டுமா?”

“மனசு வச்சு அடிச்சா ஒட்டும்யா. அரை மனசா அடிச்சா நம்ம மூஞ்சிக்கே திரும்பி வரும்.”

திரும்பி வருவது உண்மைதான். ஒட்டாமல் தெறித்துக் கீழே விழுவதைத் தெறிப்பு என்று என் நோட்டில் குறித்துக்கொண்டேன். அதில் சிமெண்ட் பெரும்பாலும் போய்விட்டிருக்கும். அள்ளி வெளியே கொட்ட வேண்டும், திரும்பப் பயன்படுத்தவே கூடாது என்று கூடத்து விதிப் புத்தகத்தில் இருக்கிறது. அந்த வரியை அடிக்கோடிட்டவனே நான்தான். மேஸ்திரியிடம் சொன்னேனா என்று கேட்பாய். இல்லை. அவருக்குத் தெரியாததையா நான் சொல்லப்போகிறேன்?

மருமகளின் உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

•

பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

பேத்தி பிறந்திருக்கிறாள்! தாயும் சேயும் நலம். குழந்தை உன்னைப் போலவே இருக்கிறாள். அழுவதற்கு முன் நாலு பக்கமும் பார்த்து, அழலாமா வேண்டாமா என்று யோசிக்கிறாள்.

தொண்டையைச் செருமுவதற்கும் மருந்து இருக்கிறது. அலமாரியில் இரண்டாவது தட்டு.

மேஸ்திரியிடம் ஒரு கேள்வி கேட்க உனக்கு இரண்டு நாளா? அப்பாவிடம் பேசப் பயந்து, ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அவர் அறைக் கதவுக்கு அடியில் மூன்று பக்கக் காகிதம் தள்ளியவன்தானே நீ! மறுநாள் முழுக்க மாடியிலிருந்து இறங்கவில்லை. நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது.

சுவரை விடப் படிகளைப் பார்த்துக்கொள் அண்ணா. சுவரைத் தொடுகிறவர்கள் யார்? என் ஆட்களுடைய முழுக் கனமும் இறங்குகிற இடம் படிதான்.

உன் தங்கை

•

மார்ச் 6

அன்புள்ள தங்கைக்கு,

பேத்திக்கு என் ஆசிகள். என் சாயல் அவளுக்கு நாளடைவில் மாறும் என்று நம்புகிறேன். மருந்து கிடைத்தது. நலம்.

நேற்று முன்தினம் தெளிப்பு வேலை முடிந்தது. காலை ஏழு மணிக்கு கம்ப்ரஸர் உறுமத் தொடங்கியது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு குடையின் கீழ் நின்றேன். மேஸ்திரி முகமூடி போட்டு, கைத்தூரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக விலகி, சுவருக்கு நேர் எதிரே நின்றார். சாய்த்துப் பிடிக்கவே இல்லை. முதலில் கம்பிக்குப் பின்னால் நிரப்பினார், பிறகுதான் முன்னால். குழாயின் வாயைச் சின்ன வட்டமாகச் சுழற்றிக்கொண்டே போனார். ஒருவர் பக்கத்திலேயே காற்றுக்குழாய் வைத்துத் தெறிப்பை ஊதித் தள்ளினார். மதியத்துக்குள் மண் சுவர் முழுவதும் சாம்பல் நிறமானது. என் மூக்குக் கண்ணாடியும்தான்.

சாப்பாட்டு வேளையில் மேஸ்திரி முகமூடியைக் கழற்றினார். கண்ணைச் சுற்றி மட்டும் மனித நிறம். “என்னய்யா, ஒட்டுச்சா?” என்றார். “ஒட்டியது” என்றேன். அவர் ஆட்கள் கைதட்டினார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

படிகளும் முடிந்தன.

இனி ஈரம் காயாமல் காக்க வேண்டியது என் பொறுப்பு. தினம் மூன்று வேளை தண்ணீர் விடுகிறேன். நேரத்தை நோட்டில் குறிக்கிறேன். ஏழு நாள் போதும் என்கிறார்கள். நான் முப்பது நாள் விடலாம் என்றிருக்கிறேன்.

அண்ணன்

•

ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஒரு மாதமாக எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. கை கொஞ்சம் சுளுக்கிக்கொண்டது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். மற்றபடி எல்லோரும் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சுவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். படிகளைப் பற்றி இரண்டே வார்த்தை. படி எப்படி இருக்கிறது?

ஒரு படி எட்டு அங்குல உயரம் என்ற வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவள் நான்தான். எட்டு அங்குலம் உயரமோ என்று இப்போது தோன்றுகிறது. சரி, முடிந்துபோன விஷயம். கைப்பிடி வலது பக்கம் மட்டும்தானே போடுவதாக இருந்தது? இறங்கும்போது இடது கைக்கும் ஒன்று இருந்தால் நல்லது. முடிந்தால் சொல்லி வை.

நான் வர இன்னும் கொஞ்ச நாள் ஆகும். பேத்தி விட மாட்டேன் என்கிறாள்.

உன் தங்கை

•

ஏப்ரல் 9

அன்புள்ள தங்கைக்கு,

கை இப்போது எப்படி இருக்கிறது? சுளுக்குக்கு ஒரு மாதம் என்பது சற்று அதிகம். அவசரப்படாமல் இரு. மருமகளின் கையெழுத்து அழகாக இருக்கிறது, சொல்லிவிடு. இடது பக்கக் கைப்பிடிக்கு இன்றே சொல்லிவிட்டேன். அதைச் சொல்வது சுலபமாக இருந்தது.

சொல்லச் சுலபமில்லாத ஒன்று இருக்கிறது. இந்தக் கடிதத்தை நாலு முறை கிழித்து எழுதுகிறேன்.

மார்ச் 4 மாலை நான்கு இருபதுக்குக் கலவை தீர்ந்துபோனது. படிகள் பாதிதான் ஆகியிருந்தன. மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பிக் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவர் ஆட்கள் இரண்டு பேர் தரையில் கிடந்த தெறிப்பை மண்வெட்டியால் அள்ளிப் படிகளில் அடைத்து, பலகையால் தட்டி வழவழப்பாக்கினார்கள். நான் எட்டடி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தேன். தூசி உள்ளே போயிற்று. மூடிக்கொண்டேன்.

உனக்கு எழுதும்போதும் மூடிக்கொண்டேன். அந்தப் படிகளுக்கும் சேர்த்து முப்பது நாள், தொண்ணூறு வேளை தண்ணீர் விட்டிருக்கிறேன். சாவியால் தட்டிப் பார்த்தேன். சுவர் ணங் என்கிறது. படி பொத் என்கிறது. கீழ்ப் படியின் விளிம்பு என் கட்டைவிரல் நகத்துக்கே உதிர்கிறது.

ஏப்ரல் 28 அன்று மேலே டைல்ஸ் ஒட்டப்போகிறார்கள். அதற்குப் பிறகு யார் கண்ணுக்கும் தெரியாது. ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து, நடக்க முடியாத ஒருவர் அதில் கால் வைக்கும்போதுதான் தெரியும்.

என்ன செய்யட்டும்? நீ மேஸ்திரிக்கு ஒரு வரி எழுதினால் போதும். உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அண்ணன்

•

ஏப்ரல் 22

பெருமதிப்பிற்குரிய நாசில் மேஸ்திரி அவர்களுக்கு,
மையத்தின் பின்புறத் தகரக் கொட்டகை.

வணக்கம். தாங்களும் தங்கள் ஆட்களும் நலம் என்று நம்புகிறேன். (இன்று காலை பல் துலக்கும்போது பார்த்தேன். நலமாகவே இருந்தீர்கள்.)

தங்கள் வேலையைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. தாங்கள் அடித்த நாலு சுவரையும் தரையையும் சாண் சாணாகத் தட்டிப் பார்த்தேன். ஓரிடத்திலும் பொள்ளல் இல்லை. பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தாறு வருடம் எழுதியதில் இப்படிப்பட்ட வேலையைப் பற்றி எழுத எனக்கு வாய்த்ததில்லை.

ஆனால் மார்ச் 4 மாலை நான்கு இருபது முதல் நான்கு ஐம்பது வரை, படிகளில் தெறிப்பை அள்ளி அடைத்ததைப் பார்த்தேன். நான் பார்த்தது தவறாகவும் இருக்கலாம். அன்று என் கண்ணாடியில் தூசி. எனினும் தட்டிப் பார்த்தால் ஒலி வேறாக இருக்கிறது. அன்றே சொல்லாதது என் குற்றம். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

இந்தப் படிகளில் இறங்கப்போகிறவர்கள் வழுக்கினால் பிடித்துக்கொள்ளத் தெம்பில்லாதவர்கள். டைல்ஸ் ஒட்டும் முன் தாங்களே ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பணிவுடன்,
குடையோடு நிற்கும் பெரியவர்

பி.கு.: திட்டுவதென்றால் என் அறைக்கே வரலாம். காலை ஆறு மணிக்கு மேல் விழித்திருப்பேன்.

•

ஏப்ரல் 30

அன்புள்ள தங்கைக்கு,

உன் கை குணமாகி வருகிறது என்று எண்ணிக்கொள்கிறேன். பதில் வரவில்லை. வராதது நல்லதாயிற்று. வந்திருந்தால் உன் கடிதத்தின் பின்னால் ஒளிந்துகொண்டிருப்பேன்.

மேஸ்திரிக்குக் கடிதம் எழுதினேன். தபால்தலை ஒட்டிப் பெட்டியிலும் போட்டேன். நீ சிரிப்பது கேட்கிறது. கடிதம் ஊரைச் சுற்றிவிட்டு இரண்டாம் நாள் அதே வாசலுக்கு வந்தது. தபால்காரர் கொட்டகைக்குப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

பத்து நிமிடத்தில் கதவு தட்டப்பட்டது. திறந்தேன். கையில் என் கடிதம். பின்னால் ஆட்கள் அத்தனை பேரும்.

“ஏன்யா, இருவது அடி. கூப்பிட்டா கேக்கும். இதுக்குத் தபாலா?”

“கூப்பிட வாய் வரவில்லை” என்றேன்.

“சரி, வாங்க.”

குடையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன். சுத்தியலால் முதல் படியைத் தட்டினார். பொத். இரண்டாவது. பொத். அப்புறம் சுவரைத் தட்டினார். ணங். படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“யார்றா அள்ளிப் போட்டது?” என்றார்.

“கலவை தீந்துபோச்சுண்ணே. மறுநாளைக்கு கம்ப்ரஸர் வேற சைட்டுக்குப் போவணும்னு நீங்கதான சொன்னீங்க” என்றார் ஒருவர்.

“சொன்னேன்தான்.” மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். “எனக்குத் தெரியாதுன்னு சொன்னா அது பொய்யிய்யா. கலவை தீந்தது தெரியும். படி மட்டும் எப்படி முடிஞ்சுதுன்னு நான் திரும்பிப் பாக்கல. நீங்க பாத்துட்டு சும்மா இருந்தீங்க. நான் பாக்காம சும்மா இருந்தேன். ரெண்டு பேர்ல யாரு பெரிய ஆளு, சொல்லுங்க?”

“நான்தான். எனக்கு வயது எழுபத்து மூன்று” என்றேன். ஆட்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். நான் கணக்கைத்தான் சொன்னேன்.

அன்றே கொத்தி எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். கெட்டியான கான்கிரீட்டும் கம்பியும் தெரியும்வரை எடுத்தாயிற்று. கம்ப்ரஸர் வந்ததும் புதிதாக அடிப்பார்கள். டைல்ஸ்காரரை ஒரு மாதம் தள்ளி வரச் சொல்லியிருக்கிறார் மேஸ்திரி.

எப்படியும் புதிதாக அடிப்பதால் ஒன்று கேட்டேன். இந்த முறை வாயால் கேட்டேன். எட்டு அங்குலத்தில் ஐந்து படி என்பது மொத்தம் நாற்பது அங்குலம். அதையே ஐந்து அங்குலத்தில் எட்டுப் படியாக்கலாம். குளத்துக்குள் மூன்றடி கூடுதலாக நீளும், கம்பியும் கொஞ்சம் சேர்த்துக் கட்ட வேண்டும். “யாருக்குய்யா இவ்ளோ சின்னப் படி?” என்றார். “இறங்குகிறவர்களுக்கு” என்றேன். அளவு நாடாவை எடுத்தார். உனக்குச் சம்மதம்தானே?

அண்ணன்

•

மே 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே யாவரும் நலம். உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. முதல் கடிதத்துக்குப் பதில் எழுத முடியாமல் போனது. மன்னித்துக்கொள்.

எட்டுப் படியாகவே இருக்கட்டும்.

இன்னும் எழுத நினைக்கிறேன். சொல்லச் சொல்ல எழுதும் மருமகளை அழவைக்க விருப்பமில்லை.

உன் தங்கை

•

ஜூன் 15

குடைப் பெரியவர் ஐயாவுக்கு,

வணக்கம். நாசில் மேஸ்திரி எழுதிக்கிறது. நான் நல்லா இருக்கேன், நீங்களும் தங்கச்சி அம்மாவும் நல்லா இருக்கணும். இப்ப வேற ஊர்ல ஒரு குளம். எழுத்துல பிழை இருந்தா மனசுக்குள்ள திருத்திக்குங்க. நோட்டுல குறிச்சிறாதீங்க.

எட்டுப் படியும் நானே நின்னு அடிச்சேன்னு உங்களுக்குத் தெரியும். தெறிச்சதுல ஒரு பிடியக்கூட விடாம வெளியில கொட்டுனதும் தெரியும், நீங்கதான் கூடையை எண்ணிக்கிட்டு இருந்தீங்களே. முப்பத்தி நாலு கூடை. சரியா?

இருவத்தி ஆறு வருசமா குழாய் பிடிக்கிறேன் ஐயா. தப்புன்னா மேல நின்னு கத்துவாங்க. நல்லா இருந்தா ஒண்ணும் சொல்லாம போயிருவாங்க. சுவர்ல பொள்ளல் இல்லன்னு யாரும் எனக்கு எழுதுனதில்ல. உங்க கடுதாசிய மடிச்சு முகமூடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்கேன். இங்க படி அடிக்கும்போது ஒருதரம் தானா திரும்பிப் பாத்தேன். குடை இல்ல. இருந்தாலும் பாத்தேன். அதுக்குத்தான் நன்றி சொல்ல எழுதுறேன்.

பசங்க எல்லாரும் கேட்டதா சொல்லச் சொன்னாங்க.

நாசில் மேஸ்திரி

•

ஜூலை 10
அடுத்த அறையிலிருந்து

அண்ணா,

நேற்று ரயிலடியில் சக்கர நாற்காலியில் என்னைப் பார்த்ததும் நீ திடுக்கிடுவாய், அழுவாய் என்று வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தேன். நீ, “தொப்பி போட்டுக்கொள், வெயில்” என்றாய்.

இது இடது கையால் எழுதுவது. எழுத்து நண்டு ஊர்ந்த மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். மார்ச் பத்தாம் தேதி காலை, குழந்தைக்குப் பால் கலக்கும்போது வலது கையும் காலும் என் பேச்சைக் கேட்காமல் போயின. உன் ஏப்ரல் கடிதம் வந்தபோது மறுபடி மருத்துவமனையில் இருந்தேன். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று தடுத்தது நான்தான். முப்பது வருடம் மற்றவர்களை நடக்கவைத்தவளுக்கு, நடக்க முடியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

இன்று காலை நான் குளத்தில் இறங்கியதை நீ ஜன்னலிலிருந்து பார்த்தாய். திரை ஆடியது. எட்டுப் படி. இடது கை கைப்பிடியில். ஐந்தாவது படியில் மூச்சு வாங்க நின்றேன். எட்டு அங்குலமாக இருந்திருந்தால் முதல் படியோடு திரும்பியிருப்பேன். தண்ணீருக்குள் ஆறடி நடந்தேன் அண்ணா. எண்ணினேன்.

உனக்கு யார் சொன்னது?

இன்னொன்று. அப்பாவின் கதவுக்கு அடியில் நீ தள்ளிய மூன்று பக்கம், என்னை வெளியூருக்கு இந்தப் படிப்புக்கு அனுப்பச் சொல்லித்தான். அந்தக் காகிதத்தால்தான் நான் படித்தேன். படித்ததால்தான் இந்த மையம், இந்தக் குளம். அதைச் சொல்லி நாற்பத்தேழு வருடம் உன்னைக் கேலி செய்திருக்கிறேன். நன்றி மட்டும் சொன்னதே இல்லை. பத்தடி தூரத்தில் இருக்கிறாய். எழுந்து வந்து சொல்லலாம். இப்போதுதான் தெரிகிறது, சிலதைக் கதவுக்கு அடியில்தான் தள்ள முடியும்.

தங்கை

•

ஜூலை 10, மதியம்

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நீயும் நலமே என்பதைக் காலை ஏழு ஐந்து முதல் ஏழு இருபது வரை ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

யாரும் சொல்லவில்லை. கையெழுத்து மாறியது. இறங்கும்போது இடது கைக்குக் கைப்பிடி கேட்டாய். எட்டு அங்குலம் உயரம் என்றாய். மூன்றையும் நோட்டில் அடுத்தடுத்த வரியில் எழுதிப் பார்த்தேன். கூட்டிப் பார்க்கத்தான் ஒரு வாரம் தைரியம் வரவில்லை. நீ சொல்லாததால் நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்று இப்போதும் சந்தேகம்.

அந்தப் படிகளில் தெறிப்பை அள்ளிப் போட்டதற்காக, யாருக்கென்று தெரியாமல், தினமும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதலிலேயே சரியாக அடித்திருந்தால் உடைத்திருக்க மாட்டோம். இது நியாயமான நன்றிதானா என்றும் தெரியவில்லை.

அப்பா அந்த மூன்று பக்கத்துக்குப் பதில் எழுதியிருந்தார். உனக்குக் காட்டியதில்லை. மறுநாள் மாடிக் கதவுக்கு அடியில் வந்தது. ஒரே வரி: “அவள் போகட்டும். நீ கீழே இறங்கி வந்து சாப்பிடு.”

உன் கதவுக்கு அடியில் இடைவெளி குறைவு. அதனால் இதை மடிக்காமல் தள்ளுகிறேன். நாளை ஏழு மணிக்கு ஜன்னலில் நிற்க மாட்டேன். படியருகே நிற்பேன். குடையோடு.

அண்ணன்